பத்தாவது கையெழுத்து

அடுத்த தேர்தலில் நம்ம வேட்பாளருக்குக் கையெழுத்துப் போடப்போகிற பத்துப் பேரில் ஆறு பேர் புதுசு என்று சங்கத்தில் சொன்னார்கள். நான் வந்து உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லணுமாம். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்திருந்தாலே எனக்குப் பேச வராது. கல்யாண வீட்டுப் பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்து, ரசம் வரவில்லை என்றால் ரசம் இல்லாமலே எழுந்து வருகிற ஆள் நான். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். அஞ்சாப்பு வரைக்கும் படித்த எழுத்து. உங்களில் யாராவது ஒருத்தி சத்தமாக வாசியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள்.

நீங்கள் எல்லாரும் பட்டாசு ஆலைப் பிள்ளைகள். ஆலை வேலையைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. இந்தக் கையெழுத்து வேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் நான் செய்த தப்பை இந்தப் பக்கத்தில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

வேட்பாளரை உங்களுக்குத் தெரியும். குழாய் லோடு ஆட்டோக்காரர். வெடிக்கு வேண்டிய காகிதக் குழாயை வீடு வீடாக எடுத்து, நாரணாபுரம் பக்கத்து ஆலைகளில் கொண்டுபோய் இறக்குவார். சட்டசபைக்கு நாலு தடவை, பார்லிமெண்டுக்கு இரண்டு தடவை நின்றிருக்கிறார். ஒரு தடவைகூட டெபாசிட் திரும்பி வந்ததில்லை. அவருடைய சொந்தப் பேரே ஊருக்கு மறந்துபோய், இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரைக்கும் வேட்பாளர் என்றுதான் கூப்பிடுகின்றன.

முதல் தடவை அவர் மனுவைத் தள்ளிவிட்டார்கள். கட்சிக்காரருக்கு ஒருத்தர் முன்மொழிந்தால் போதும். சுயேச்சைக்கு அந்தத் தொகுதியில் ஓட்டு இருக்கிற பத்துப் பேர் வேண்டும். இவர் நாலு கையெழுத்தும் ஆறு கைநாட்டும் வாங்கிக்கொண்டு போனார். கைநாட்டு வைப்பதாக இருந்தால் அதிகாரி முன்னால் வைக்கணுமாம். இவர் ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் வைத்து வாங்கியிருக்கிறார். ஒரு தாளில் குழம்பு வேறு பட்டிருந்தது.

அதற்கப்புறம் எழுதத் தெரிந்தவர்களைத் தேடித் தெருத்தெருவாக நடந்தார். எங்கள் தெருவில் என் வயசுப் பொம்பளைகளில் பேர் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"ஒம்பது பேரு போட்டாச்சு தாயி. பத்தாவது நீ" என்று தாளை நீட்டினார்.

மு. ராக்கம்மாள் என்று எழுதினேன். எனக்குக் கிறுக்கிப் போட வராது. வாத்தியார் பலகையில் எழுதிக் காட்டிய மாதிரி ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதி, கடைசி எழுத்துக்கு மேலே புள்ளியைக் குத்தித்தான் முடிப்பேன். அடுத்த வீட்டு மருமகள் சுந்தரி, இடுப்பில் பிள்ளையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "யத்தே, நீங்க புள்ளி வைக்கிறதுக்குள்ள தேர்தலு முடிஞ்சு ரிசல்ட்டு வந்துரும்" என்றாள். அம்புட்டுப் பேரும் சிரித்தார்கள். வேட்பாளரும் சிரித்தார்.

அவர் ஏன் திரும்பத் திரும்ப நிற்கிறார் என்று கேட்காதவர்கள் இல்லை. மற்ற நாளில் ஆலை கேட் பக்கத்தில் நின்று பேசினால் வாட்ச்மேன் விரட்டுவார். வேட்பாளர் ஆகிவிட்டால் ரெண்டு வாரம் போலீஸ் அனுமதிச் சீட்டோடு மைக் வைத்துப் பேசலாம். அந்த ரெண்டு வாரத்துக்காகத்தான் நிற்கிறார்.

அவர் பேசியதும் ஒரே விஷயம்தான். மாத்தாள். உடம்புக்கு முடியாத அன்றைக்கு நமக்குப் பதிலாக ஒருத்தியை அனுப்புவோம். போகாவிட்டால் இடம் போய்விடும். அவள் நம் பேரிலேயே உள்ளே போவாள், ரிஜிஸ்டரில் நம் பேருக்கு நேரே டிக் விழும். உங்களுக்குத் தெரியாததா. இது கூடாது, யார் உள்ளே போகிறாளோ அவள் பேரை எழுதணும் என்பார். காலையில் கேட் திறக்கும் நேரத்துக்கு ஆட்டோவை ஓரமாக நிறுத்திக்கொண்டு, உள்ளே போகிற ஒவ்வொருத்தி முன்னாலும் மைக்கை நீட்டுவார்.

"ஒம் பேரு என்ன தாயி?"

பேரைச் சொன்னால் ரோடு முழுக்கக் கேட்கும். அதுதான் அவர் பிரச்சாரம். எங்களுக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். மாத்தாள் என்பது எங்களுக்கு ஒரு வசதி, அதையும் பிடுங்கப் பார்க்கிறாரே என்று.

"இந்த மனுசன் ஜெயிச்சா நமக்குக் காய்ச்சலு கூட வரக்கூடாது போல" என்று எங்கள் செட்டில் ஒருத்தி சொல்வாள்.

"கம்பெனி ரிஜிஸ்டர்ல ஒம் பேரு இருக்கோ இல்லையோ, ஓட்டர் லிஸ்டுல இருக்கு" என்று அவர் மைக்கிலேயே பதில் சொல்வார். "அதுலயாவது நீ நீயா இருக்க தாயி."

நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தவள்தான். உள்ளதைச் சொல்கிறேன், அவருக்குக் கையெழுத்துப் போட்டேனே தவிர அப்போதெல்லாம் ஓட்டுப் போட்டதில்லை.

இனி என் தப்பு.

அதற்கப்புறம் வந்த ஒரு தேர்தலிலும் பத்தாவது கையெழுத்து நான்தான். மனுக் கொடுத்து ரெண்டு நாள் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் போர்மேன் வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பக்கத்துத் தெருப் பையன்தான், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆலைகளைப் பார்வையிட அதிகாரிகள் வரப்போவதாக அப்போது பேச்சு இருந்தது.

"ஏக்கா, நாளைக்கு வேலைக்கு வர வேணாம். தாலுகா ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வருவோம்."

"எதுக்குத் தம்பி?"

"வேட்பாளரு மனுவுல இருக்கது எங் கையெழுத்து இல்லன்னு ஒரு வார்த்த சொல்லணும்."

"நாந்தானப்பா போட்டேன்."

"நீதான் போட்டன்னு தெரியும்க்கா. அதான் இல்லன்னு சொல்லுன்றேன். அதிகாரிக வர்ற நேரத்துல இந்தாளு கேட்டுல நின்னு மாத்தாளு மாத்தாளுன்னு கத்துனா யாருக்குக் கேடு? அந்தப் பத்துப் பேருல நம்ம கம்பெனி ஆளு நீ ஒருத்திதான்." என் தூக்குவாளியை ஒரு விரலால் தள்ளி வைத்தார். "அடுத்த மாசம் ஆளக் கொறைக்கிறாக. ஒம் பேரு லிஸ்டுல இருக்கணுமா வேணாமா, நீயே சொல்லு. அவரு என்ன ஜெயிக்கவா போறாரு? மனு போனா ஆட்டோவுக்கு டீசலு மிச்சம்."

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். உங்களிடமும் யாராவது இப்படி வந்து உட்காரலாம். நான் இதை ஒருத்தரிடமும் சொல்லவில்லை. மற்ற ஒம்பது பேரும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார்கள். ஒருத்தரிடம் சொல்லியிருந்தாலும் அந்த ஒம்பது பேரும் என்னோடு வந்து நின்றிருப்பார்கள். வெட்கம். எப்படிச் சொல்வது, யார் என்ன நினைப்பார்கள் என்று வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் கம்பெனி வேனில் ஏறிவிட்டேன். போகும்போது போர்மேன் குனிந்து, "போட்டுக் காட்டச் சொன்னா கொஞ்சம் மாத்திப் போடுக்கா" என்றார்.

தாலுகா ஆபீஸ் ஹாலில் அம்புட்டுக் கூட்டம். வேட்பாளர் துவைத்த வெள்ளைச் சட்டையோடு முன்னால் நின்றார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். ஆதரவாகத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். போர்மேன் சொல்லிவைத்திருந்த வேறு ஒரு வேட்பாளரின் ஆள் எழுந்து, இந்த அம்மா கையெழுத்தே போடவில்லை என்கிறார் என்று சொன்னார். தேர்தல் அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் முந்தானையைச் சரி செய்துகொண்டேன். மறுபடி கேட்டார்.

"என்னுது இல்லைங்க."

அவர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, உங்கள் பேரை எழுதுங்கள் என்றார்.

மாற்றிப் போடணும் என்று நினைத்துத்தான் பேனாவை வாங்கினேன். எப்படி மாற்றுவது? எனக்கு என் பேரை எழுத ஒரு வழிதான் தெரியும். கை தானாக மு போட்டது, நிறுத்தியது, அடுத்த எழுத்துக்குப் போனது. கடைசியில் புள்ளியையும் குத்திவிட்டது. அதிகாரி ரெண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கும்மா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அந்த அதிகாரி எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். அப்போது ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட எல்லாம் சரியாகியிருக்கும். நான் தரையைப் பார்த்தேன். போர்மேனுடைய செருப்பு தெரிந்தது.

"என்னுது இல்லைங்க."

சொந்தக்காரியே இல்லை என்று சொன்னால் நான் என்ன செய்வது என்று சொல்லி மனுவைத் தள்ளிவிட்டார். ஒரே மாதிரி ரெண்டு கையெழுத்து மேஜைமேல் கிடக்கிறது, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நான் சொன்ன பொய்தான் செல்லுபடியாகிறது. எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. ரெண்டே வார்த்தை சொன்னேன், அது இம்புட்டுப் பெரிய வேலையைச் செய்துவிட்டதே என்று.

வேட்பாளர் சத்தம் போடவில்லை. "அந்த வெள்ளைத்தாள ஃபைல்ல பத்திரமா வைங்க சார்" என்று மட்டும் சொன்னார். வெளியே போய் ஆட்டோவை எடுத்தார். என்னை ரெண்டு வார்த்தை வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவர் மைக்கோடு கேட்டில் நின்றிருக்க வேண்டிய அந்த ரெண்டு வாரத்தில் ஒரு நாள் எனக்குப் பல்வலி. கன்னம் வீங்கி வாயைத் திறக்க முடியவில்லை. சுந்தரி எட்டிப் பார்த்தாள். அவள் அப்போது எந்தக் கம்பெனியிலும் நிரந்தரம் இல்லை.

"ஒங்க பேருக்கு நான் போயிட்டு வாரேன் யத்தே. நீங்க உப்புத்தண்ணி வச்சுக் கொப்புளிச்சுட்டுப் படுங்க. ஒங்க சட்டையக் குடுங்க."

சேலைக்கு மேலே மாட்டிக்கொள்கிற என் வேலைச் சட்டையைக் கொடுத்தேன். தொளதொளவென்று இருந்தது. கையை மடித்துவிட்டுக்கொண்டு, "ராக்கம்மா வேலைக்குப் போறா, வழிய விடுங்க" என்று என்னை மாதிரியே தலையைக் குனிந்து நடந்து காட்டினாள். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பதினோரு மணி இருக்கும். கதவு அதிர்ந்தது. சத்தம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு எழுத வேண்டியதில்லை. வாசலில் எல்லாரும் புகை எந்தத் திசையில் என்று பார்த்தார்கள். பார்த்ததும் ஓட ஆரம்பித்தோம்.

கேட் பக்கத்தில் ஊரே நின்றது. போர்மேன் ரிஜிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு, போலீஸ்காரருக்குச் செத்தவர்கள் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ஷெட்டில் நாலு பேர். நாலு பேரும் போய்விட்டார்கள். மூணு பேர் சொன்னார். நாலாவதாக, "ராக்கம்மாள்" என்றார்.

என் பேர். என் காதில் அது விழுந்தது. எனக்கு முன்னால் நின்ற எங்கள் தெருப் பொம்பளை, "எங்க ராக்கு மதினி போயிட்டாகளே" என்று மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நிற்கிறேன். எனக்காக ஒருத்தி அழுகிறாள், நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதைவிடக் கொடுமை ஒன்று. சுந்தரி புருசன் அங்கன நின்றான். மில்லிலிருந்து நேராக ஓடிவந்திருக்கிறான். நாலு பேரையும் வாசித்து முடித்ததும், அவள் பேர் அதில் இல்லை என்று ஒரு பெரிய மூச்சு விட்டான். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். துடைத்துவிட்டுத் திரும்பினவன் என்னைப் பார்த்தான். வீங்கின கன்னத்தைப் பார்த்தான்.

"அத்தே, நீங்க இங்கன நிக்கீக" என்றான். துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டே, "அப்ப உள்ள யாரு?" என்றான்.

நான் அவன் கையைப் பிடித்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது.

வேட்பாளர் அன்று காலையில் கேட்டில் நின்றிருந்தால், என் சட்டையோடு வந்தவளிடம் மைக்கை நீட்டி, "ஒம் பேரு என்ன தாயி" என்று கேட்டிருப்பார். அவள் வாய்த்துடுக்கு அடக்கமாட்டாள், சுந்தரி என்று சொல்லியிருப்பாள். ரோடு முழுக்கக் கேட்டிருக்கும். சாவு நின்றிருக்காது. அவள் பேராவது நின்றிருக்கும்.

விசாரணை அதே தாலுகா ஆபீஸில், அதே ஹாலில் நடந்தது. நான் உயிரோடு இருப்பதால் கம்பெனி வேறு மாதிரி சொல்லிவிட்டது. ராக்கம்மாள் காலையில் வந்துவிட்டு உடம்பு சரியில்லை என்று போய்விட்டாளாம். சுந்தரி யாருக்கோ சாப்பாடு கொடுக்க உள்ளே வந்தவளாம், அவள் வேலைக்காரியே இல்லையாம். வேலைக்காரி என்று எழுதினால்தான் அவளுடைய ரெண்டு பிள்ளைகளுக்கும் அரசாங்கத்தில் எதுவும் செய்வார்கள். அதைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை. கூட இருந்த மூணு பேரும் செத்துப்போனார்கள்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். "எம் பேருக்கு மாத்தாளா…" அதற்குள் போர்மேன் எழுந்துவிட்டார்.

"சார், இந்தம்மா பேச்ச எப்படி நம்புறது? இதே ஹாலுல தன் கையெழுத்தையே தன்னுது இல்லன்னு ரெண்டு தடவ சொன்ன ஆளு. ஆபீஸ்லயே பதிவு இருக்கு."

யார் எனக்கு அந்தப் பொய்யைச் சொல்லிக் கொடுத்தாரோ அவரே அதை எடுத்து என்மேல் எறிகிறார். இந்த அதிகாரி புதுசு. அப்படியாம்மா என்று கேட்டார். ஆமாம் என்றால் நான் பொய்க்காரி. இல்லை என்றால் அது இன்னொரு பொய். சுந்தரி புருசன் சின்னப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என் வாயையே பார்த்தான்.

அவனோடு வந்திருந்த வேட்பாளர் எழுந்தார்.

"சொன்னாக சார். எம் மனுவுலதான் சொன்னாக. அன்னிக்கு எழுதுன வெள்ளைத்தாளு ஃபைல்ல இருக்கு, எடுத்துப் பாருங்க. ஏன் அப்படிச் சொன்னாகன்னும் கேளுங்க." அப்புறம் என் பக்கம் திரும்பி, குரலை இறக்கி, "வாய் வரலைன்னா விடு தாயி. ஒனக்குத்தான் எழுத வருமே" என்றார்.

தாள் கொடுத்தார்கள். ஹால் மூலையில் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். அன்றைக்குப் பொய் சொன்னேன் என்று முதல் வரி. யார் சொல்லச் சொன்னார், என்ன சொல்லிப் பயமுறுத்தினார், வேனில் குனிந்து என்ன சொன்னார், எல்லாம் எழுதினேன். அப்புறம் பல்வலி, சட்டை, சுந்தரி நடந்து காட்டினது வரைக்கும் எழுதினேன். ஒரு மணி நேரத்துக்கு மேலே ஆனது. அதிகாரி அவசரப்படுத்தவில்லை. கடைசியில் பேரை எழுதிப் புள்ளி வைத்தேன். மத்தியானம் பழைய ஃபைல் வந்தது. மனுவில் இருந்தது, வெள்ளைத்தாளில் இருந்தது, இப்போது எழுதியது, மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

"இவங்களுக்கு மாத்திப் போடவே தெரியாது போல" என்று பக்கத்திலிருந்த கிளார்க்கிடம் சொன்னார்.

போர்மேன் அதற்கப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை. பல மாசம் இழுத்துத்தான் முடிந்தது. செத்தவர்கள் பட்டியலில் என் பேரை அடித்து, பக்கத்தில் சுந்தரி, தொழிலாளி என்று எழுதினார்கள். காட்டினார்கள். கோடு கிழித்த என் பேரை நானே பார்த்தேன்.

எந்த ஆலையிலும் எனக்கு அப்புறம் வேலை இல்லை. வீட்டில் இருந்து குழாய் உருட்டினேன். அதை எடுத்துப் போக வாரம் ரெண்டு தடவை வேட்பாளருடைய ஆட்டோதான் வரும். எண்ணி ஏற்றிக்கொண்டு போவார். மனுவைப் பற்றி அவரும் பேச மாட்டார், நானும் பேச மாட்டேன். அடுத்த தேர்தல் வந்தபோது ஒரு நாள் குழாயை ஏற்றிவிட்டு, சீட்டுக்கு அடியிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். ஒம்பது கையெழுத்து இருந்தது.

"எங்கிட்டயாண்ணே வாறீக?"

"வேற யாருட்ட போக? இந்தத் தொகுதியிலயே தாலுகா ஆபீஸ்ல மூணு தாள வச்சுச் சரிபார்த்த கையெழுத்து ஒன்னுதுதான்."

போட்டேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

இப்போது எனக்குக் கை நடுங்குகிறது. எழுத்து கோணுகிறது. பழைய கையெழுத்து மாதிரி வரவில்லை, அதனால்தான் இந்தத் தடவை விலகிக்கொண்டேன். வேறு மனத்தாங்கல் இல்லை. உங்களிடம் கேட்பது ஒன்றுதான். யாராவது பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தால், அன்றைக்கே மற்ற ஒம்பது பேருக்கும் சொல்லிவிடுங்கள். மாத்தாள் இப்போதும் நடக்கிறது என்று எனக்குத் தெரியும். உங்களில் ரெண்டு பேர் போன மாசம் மாத்தாளாகப் போனதும் தெரியும். அதைப் பற்றி நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் மறுபடி கையெழுத்துப் போட்டேனே, அந்தத் தேர்தலுக்கு மனுப் பரிசீலனை அன்று முன்மொழிந்தவர்களில் ஒருத்தர் உள்ளே வரலாம் என்று சொல்லி வேட்பாளர் என்னைக் கூட்டிப் போனார். அதே ஹால். கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். அதிகாரி வரிசையாக முன்மொழிந்தவர்கள் பேரை வாசித்தார். யாரும் ஆட்சேபணை சொல்லவில்லை. பத்தாவது பேர் வந்தது. வாசித்துவிட்டு அவர் அடுத்த மனுவை எடுக்கப் போனார்.

நான் எழுந்து நின்றேன். எல்லாரும் திரும்பினார்கள்.

"அது எங் கையெழுத்துதாங்க" என்றேன்.

அதிகாரி தலையைத் தூக்கிப் பார்த்தார். "யாரும் இல்லன்னு சொல்லலையேம்மா. உக்காருங்க" என்றார்.